நான்காவது பாட்டில் வரும் குரல்

முனாப் எலக்ட்ரிக்கல்ஸ்,
கொட்டகலை.
17.08.2025

அன்புள்ள தனுஷனுக்கு,

வினோஜன் எழுதுகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். போன இடத்தில் உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும்.

உன் பழைய நம்பர் இரண்டு மாதமாக வேலை செய்யவில்லை. புது நம்பரை உன் அம்மாவிடம் கேட்டேன். "யாருக்கும் குடுக்க வேணாம்னு சொல்லியிருக்கான் தம்பி. வினோஜனுக்குமான்னு கேட்டேன், பேசாம இருந்தான்" என்றார்கள். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. நீ அனுப்பிய பார்சலின் மேல் இருந்த விடுதி முகவரியை மட்டும் எழுதிக்கொண்டு வந்தேன். ருமேனியாவுக்குக் கடிதம் போய்ச் சேர மூன்று வாரமாவது ஆகும் என்று தபால் கந்தோரில் சொன்னார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில் அம்மா. முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. ஜூலை மழையில் உங்கள் வீட்டுக் கூரை ஒழுகியது. நானும் பக்கத்து வீட்டுப் பையன்களும் ஏறி இரண்டு தகரம் மாற்றினோம். நீ அனுப்பிய கம்பளிச் சட்டையை அம்மா பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். குளிருக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லி நீயே ஒரு வார்த்தை சொல்.

இனி நம்முடைய ஆல்பம். எண்பது கசெட்டுக்கு மேல் ஒன்றுகூட அடிக்கக் கூடாது என்று நீ பிடிவாதமாக நின்றாய். இந்தக் காலத்தில் கசெட் போட்டுக் கேட்க யாரிடம் மிஷின் இருக்கிறது என்று முனாப் நானா சிரித்தார். அவருடைய கடைப் பின்னறையில் இரண்டு பழைய டெக்குகளை வைத்துக்கொண்டு பதினொரு நாள் பதிவு செய்தோம். எண்பதும் ஒரே மாதத்தில் போய்விட்டன. இப்போது இரண்டாவது கையில் வாங்க ஆட்கள் அலைகிறார்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நீ வைத்தாயே ஒரு தபாலட்டை, "கேட்டதும் மனதில் பட்டதை எழுதுங்கள்" என்று? ஒன்றும் திரும்பி வராது என்று நான் சொன்னேன். நாற்பத்து மூன்று வந்திருக்கின்றன.

பேராதனையில் படிக்கும் அம்ஹர் என்பவர் இரண்டு அட்டைகளை ஒட்டி எழுதியிருக்கிறார். முதல் பக்கம் குளித்து, தலைசீவி, பவுடர் போட்டு வந்தது போல் இருக்கிறதாம். எலக்ட்ரானிக் பங்க் என்றால் சத்தத்தில் அழுக்கு வேண்டும், உங்கள் அழுக்கெல்லாம் கசெட்டின் இரண்டாவது பக்கத்தில்தான் இருக்கிறது என்கிறார். டொரன்டோவிலிருந்து பிரேமினி என்று ஒரு பெண். நம் குழுவுக்கு 'அரைப்பேர்' என்று ஏன் பெயர் வைத்தோம் என்று கேட்டிருந்தாள். பறித்த கொழுந்து நிறை குறைந்தால் முழுநாள் வேலை செய்தாலும் செக்ரோல் பதிவேட்டில் அரை நாள்தான் விழும், அதைத்தான் தோட்டத்தில் அரைப்பேர் என்போம் என்று பதில் எழுதினேன். அவளுடைய அப்பா காரில் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு நிறுத்தச் சொன்னாராம். மறுநாள் காலையில் அவரே திரும்பப் போடச் சொன்னாராம்.

வட்டவளையில் தப்பு மேளம் அடிக்கும் யோகேஸ்வரன் அண்ணனுக்குக் கோபம். "தப்பை மிஷினுக்குள்ள போட்டு நசுக்கிட்டீங்க" என்று ஆரம்பித்திருக்கிறார். ஆனாலும் காமன் கூத்தில் விடிய விடிய அடிக்கும்போது கையில் ஏறும் வெறி மூன்றாவது பாட்டில் இருக்கிறதாம், அதற்காக மன்னிக்கிறாராம். ஹட்டனில் சலூன் வைத்திருக்கும் ஒருவர், இதைப் போட்டதும் பாதிச் சவரத்தில் ஓர் ஆள் எழுந்து போய்விட்டார் என்று பெருமையாக எழுதியிருக்கிறார். இதையெல்லாம் வாசித்து நீ சிரிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். முதல் இரண்டு மாதம் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் அதிகம் பேர் எழுதியிருப்பது நான்காவது பாட்டைப் பற்றி. அந்த 'ஓடிரு' குரலைப் பற்றி. தோட்டத்தை விட்டுக் கொழும்புக் கடைகளுக்கு ஓடும் பிள்ளைகளுக்குச் சொல்வது என்கிறார் ஒருவர். எண்பத்து மூன்று கலவரத்தில் வீட்டை விட்டு ஓடியவர்களின் குரல் என்று இன்னொருவர். தோட்டத் துரைமாரைப் பார்த்து 'ஓடிப்போ' என்று விரட்டுவதாக ஒரு தொழிற்சங்கப் பையன். மே மாதம் ஹட்டன் மண்டபத்தில் நான் தனியாக மேடையேறி அந்தப் பாட்டைப் போட்டபோது இருநூறு பேர் கையைத் தூக்கிக்கொண்டு "ஓடிரு, ஓடிரு" என்று கத்தினார்கள். சுவர் அதிர்ந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, தனுஷன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

அந்தப் பெண் கலைஞரின் பெயரை உறையில் ஏன் போடவில்லை என்று ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள். முடிவில் வரும் தொழிற்சாலைச் சங்குச் சத்தத்தை எந்த சிந்தசைசரில் எடுத்தோம் என்று அம்ஹர் கேட்கிறார். அந்த நடுக்கத்தைக் கொண்டுவர ஆறு வாரமாக முயற்சி செய்கிறாராம். சங்குக்குப் பிறகு வரும் பெருமூச்சுதான் ஆல்பத்திலேயே சிறந்த இடம் என்று வேறொருவர். இவர்களில் ஒருவருக்கும் நான் பதில் எழுதவில்லை.

இனி எழுதப் போவதை நீ உட்கார்ந்து வாசி.

ஜூலை முதல் வாரம் கண்டியிலிருந்து ஒரு சிங்களப் பையன் தன் கசெட்டைத் திருப்பி அனுப்பியிருந்தான். நாற்பத்தோராம் நம்பர். நான்காவது பாட்டில் நாடா சிக்குகிறது, திருத்தி அதே நம்பரையே அனுப்புங்கள், வேறு வேண்டாம் என்று எழுதியிருந்தான். திருத்திவிட்டுக் கடையிலேயே போட்டுப் பார்த்தேன். பகல் பதினொரு மணி இருக்கும். மேல் டிவிஷன் செல்லசாமி மாமா பல்ப் வாங்க வந்து நின்றார். வேலாயி அக்காவின் புருஷன். நான் அவரைக் கவனிக்கவில்லை. பாட்டு முடிந்ததும், "தம்பி, அத இன்னொருக்கா போடுங்க" என்றார். போட்டேன். மூன்றாவது தடவையும் போடச் சொன்னார். கையிலிருந்த குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"இது எங்கேருந்து எடுத்தது தம்பி?" என்று கேட்டார்.

நெட்டில் கிடைத்த ஏதோ சத்தம், இந்தியப் படமாக இருக்கும் என்றேன். என் வாயிலிருந்து அப்படித்தான் வந்தது. "அப்புடீங்களா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பல்பை எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த முனாப் நானா என்னையே பார்த்தார். "பொய் சொன்னியா?" என்று மட்டும் கேட்டார்.

நான்கு நாள் தாக்குப் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பல்பையும் எடுத்துக்கொண்டு அவருடைய லயத்து வீட்டுக்குப் போனேன். வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கோடரியை வைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். நீ என்னிடம் சொன்ன எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. என்ன சொன்னேன் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆல்பத்துக்காகத் தண்ணீர் மோட்டார் இரையும் சத்தத்தைப் போனில் பதிவு செய்ய நீ ஏழாம் நம்பர் மலைக்குப் போயிருந்தாய் என்றேன். கீழ் நிரையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். குளவிக்கூடு கலைந்ததை முதலில் கண்டது வேலாயி அக்கா. மற்றவர்கள் சரிவில் ஓடினார்கள். அக்காவுக்குக் கால் இடறியது. விழுந்த இடத்திலிருந்து அக்கா உன்னைப் பார்த்து, "தம்பி, ஓடிரு! உள்ள ஓடிரு!" என்று கத்தினார்கள். நீ மோட்டார் அறைக்குள் ஓடிக் கதவை உள்ளே தாழ் போட்டாய். போன் உன் கையில் ஓடிக்கொண்டே இருந்தது. கரண்ட் போய் மோட்டார் நின்றதும் வெளிச்சத்தம் எல்லாம் தெளிவாக அதில் விழுந்தது. எல்லாம் அடங்கிய பிறகு பின்பக்கத் தண்ணீர்க் கான் வழியாக இறங்கி வந்துவிட்டாய். நீ அங்கே இருந்தது யாருக்கும் தெரியாது. ஒரு வருடம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாய். அந்தக் குரலைப் பாட்டில் சேர்க்க வேண்டாம் என்று நீ அழுதாய் என்பதையும், இது மாதிரி ஒரு சத்தம் திரும்பக் கிடைக்காது என்று சொல்லி வெட்டி ஒட்டியவன் நான்தான் என்பதையும் சொன்னேன்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு பாட்டின் கடைசிப் பகுதியைப் போடச் சொன்னார். நான் டெக்கைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். சங்குச் சத்தம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

தனுஷன், தொழிற்சாலைச் சங்கு அவர் பொறுப்பு. இருபது வருடமாக அவர்தான் ஊதுகிறார். உனக்கும் எனக்கும் இது தெரியும், ஆனாலும் நாம் யோசிக்கவே இல்லை. "அன்னைக்குக் கரண்ட் இல்ல. பன்னெண்டு மணிச் சங்கைக் கையால சுத்துனேன். பாதியில கை வழுக்கிருச்சி. அதான் அந்த எடத்துல எறங்கித் திரும்ப ஏறுது" என்றார். அம்ஹருக்குக் கைகூடாத நடுக்கம் அதுதான்.

எழுந்துபோய் ஒரு பொலித்தீன் பையிலிருந்து காகிதம் ஒன்றை எடுத்து வந்தார். தோட்டத்திலிருந்து எழுதிக் கொடுத்த அறிக்கை. வேலாயி பதினொன்றேகாலுக்கு மாரடைப்பில் அந்த இடத்திலேயே இறந்தார், ஆளை ஏற்ற லொறி பத்து நிமிடத்தில் அங்கே போய்ச் சேர்ந்தது என்று இருக்கிறது. அன்று பன்னிரண்டரைக்கு, மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு தொழிற்சாலைக்கு வந்து அவரிடம் சொன்னதும் அதுதானாம். ஒரு வேதனையும் தெரியாமல் உடனே போய்விட்டாள், வருத்தப்படாதே என்று தோளைத் தொட்டுச் சொன்னாராம். இரண்டரை வருடமாக அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இவர் சங்கு ஊதப் போயிருக்கிறார்.

மிச்சத்தைப் போடச் சொன்னார். சங்கு ஓய்ந்ததும் அந்தப் பெருமூச்சு வந்தது. எல்லோரும் பெருமூச்சு என்று எழுதியிருந்தது.

"மூச்சு இல்ல தம்பி. 'ஏங்க'ன்னு சொல்றா. என்னைய அப்புடித்தான் கூப்புடுவா" என்றார்.

நான் தலையைத் தூக்கவில்லை. கடைசி நாற்பது விநாடியை நாம் வெட்டவே இல்லை, பதிவானபடியே விட்டோம் என்பது உனக்கும் தெரியும். பன்னிரண்டு மணிக்கு அக்கா உயிரோடு இருந்திருக்கிறார்கள். சங்கைக் கேட்டிருக்கிறார்கள். அதை ஊதுவது யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. லொறி அப்போதும் வரவில்லை.

பிறகு மாமா, பதிவு செய்த பையன் கதவைத் திறக்கவே இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். வெளியே குளவி நின்றது, பயந்துவிட்டான், அதற்கு முன்பே அவனுக்கும் ஒன்பது இடத்தில் கொட்டியிருந்தது என்றேன். அவர் கூரையைப் பார்த்தார். "நல்லதுதான். அவ சொன்னதக் கேட்டிருக்காரு" என்றார். அவர் திட்டியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை இவ்வளவு நாள் தள்ளிப் போட்டிருக்க மாட்டேன்.

கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மகள் கிருஷாந்திக்கு இது தெரியவே கூடாதாம். அம்மா சிரமப்படாமல் போனாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள், அதைக் கெடுக்க வேண்டாம் என்றார். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாற்பத்து மூன்றாவது அட்டை வந்தது. கசெட் நம்பர் அறுபத்து மூன்று. அதை அப்படியே எழுதுகிறேன்.

"அரைப்பேர் அண்ணாமாருக்கு. பள்ளிக்கூடத்தில் படிக்கும் காலத்திலிருந்தே உங்கள் பாட்டுகளைக் கேட்கிறேன். முதல் மூன்று பாட்டும் எனக்குப் பிடித்தது. நான்காவது பாட்டில் வருவது என் அம்மா. பெயர் வேலாயி. ஹட்டன் மண்டபத்துக்கு நானும் வந்திருந்தேன். எல்லோரும் கத்தினார்கள். நீ ஏன் கத்தவில்லை என்று பக்கத்தில் நின்றவள் கேட்டாள். எங்களிடம் அம்மாவின் போட்டோ இருக்கிறது, குரல் எதிலும் இல்லை. அதனால் கசெட்டை உடைக்க முடியவில்லை. கேட்கவும் முடியவில்லை. அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிந்தால் சங்கு ஊதப் போக மாட்டார். கிருஷாந்தி."

இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் என்னிடம் ஒன்றையே கேட்டிருந்தார்கள். மூன்று நாள் அந்த அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் முனாப் நானாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஒனக்கு இதுல ரகசியம் காக்குற யோக்கியத இல்ல மகன். ரெண்டு பேரையும் ஒரு எடத்துல உக்கார வெச்சிட்டு நீ எந்திரிச்சு வா" என்றார்.

ஆடிப் பூசைக்குக் கிருஷாந்தி ஊருக்கு வந்தாள். நான் போய் அட்டையை மாமாவின் கையில் கொடுத்தேன். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. அவளிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் தன் கையெழுத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வாசிக்கவில்லை. "அப்பா, எனக்குத் தெரியும்ப்பா" என்றாள். "எனக்கும் தெரியும் பாப்பா" என்றார் அவர். அதற்கு மேல் அங்கே நிற்க எனக்கு உரிமை இல்லை. வெளியே வந்து தண்ணீர் விழும் பீலியடியில் நின்றேன். உள்ளே அழுகைச் சத்தம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு கிருஷாந்திதான் வெளியே வந்தாள். உன்னைப் பற்றிக் கேட்டாள். அவள் அப்பாவைப் போல் இல்லை. "தாழ் போட்டது பயத்துல, சரி. அதுக்கப்புறம் ரெண்டர வருசம்? தோட்டம் பொய் எழுதிக் குடுத்திச்சே, அது பொய்யின்னு அந்த அண்ணாவுக்குத் தெரியுந்தானே? பாட்டுல போடத் தெரிஞ்சிது, வந்து சொல்லத் தெரியலியா?" என்றாள். இது உனக்கு மட்டும் கேட்ட கேள்வி இல்லை. எனக்கும்தான்.

இப்போது நடந்திருப்பது இவ்வளவுதான். கொழும்பில் ஒரு கம்பெனி ஆல்பத்தை ஐந்நூறு பிரதி இசைத்தட்டாகப் போடக் கேட்டது. முடியாது என்று எழுதிவிட்டேன். தகப்பனும் மகளும் சொன்னபடி, எண்பது பேரில் முகவரி தெரிந்த எல்லோருக்கும் ஒரு துண்டுக் காகிதம் அனுப்பினேன். நான்காவது பாட்டில் வருவது பாடகி அல்ல, கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி இறந்த வேலாயி, சங்குச் சத்தம் அவர் கணவர் ஊதியது, எங்களை மன்னியுங்கள் என்று. சிலர் கசெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கண்டிப் பையன் நாற்பத்தோராம் நம்பரைச் செல்லசாமி மாமாவின் பெயருக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, சிங்களத்தில் நான்கு வரி எழுதியிருந்தான். நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். இன்னொருவர், கதை தெரிந்த பிறகு பாட்டு இன்னும் பலமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அதை நான் அவர்களிடம் காட்டவில்லை.

மாமாவும் கிருஷாந்தியும் தோட்டத்தின் மேல் தொழில் திணைக்களத்தில் மனுக் கொடுத்திருக்கிறார்கள். அக்டோபர் பதினாலாம் திகதி விசாரணை. நம்மிடம் இருக்கும் பாட்டு செல்லாது, வெட்டி ஒட்டியது என்று தட்டிவிடுவார்கள் என்று சட்டத்தரணி சொல்கிறார். திகதியும் நேரமும் உள்ள முழுப் பதிவு வேண்டும். ஐம்பத்திரண்டு நிமிடம். அது உன் மடிக்கணினியில் மட்டும்தான் இருக்கிறது. அதைப் பதிவு செய்தவர் போன் மூலமாகவாவது வாக்குமூலம் கொடுத்தால் நல்லது என்றும் சொன்னார். பதிவை வெட்டியவன் நான்தான் என்று நான் போய்ச் சொல்லப் போகிறேன். உன் பெயரை இதுவரை சட்டத்தரணியிடம் சொல்லவில்லை. விசாரணையில் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். அதை உனக்கு முன்கூட்டியே தெரிவிப்பதுதான் நான் உனக்குச் செய்யக்கூடிய ஒரே காரியம்.

இந்தக் கடிதம் எழுதப் போகிறேன் என்று நேற்று செல்லசாமி மாமாவிடம் சொன்னேன். உனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். யோசித்தார். அது பனி கொட்டுகிற தேசமாமே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகச் சொல்லுங்கள் என்றார். நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார். நான் படி இறங்கிய பிறகு திரும்பக் கூப்பிட்டார்.

"அனுப்ப முடியலன்னா வற்புறுத்தாதீங்க தம்பி. அவருக்கும் தாய் இருக்கு. பயத்துல அத அழிச்சிற மட்டும் வேணாம்னு சொல்லுங்க. அதுல அவ இருக்கா."

அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன். கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் பதிலுக்குக் கடை வாசலில் காத்திருக்கும்,
வினோஜன்